நகப்பூச்சு வைத்த குண்டு

ஐந்நூறு வந்திருந்தன.
ஒரே பெட்டி, ஒரே தொகுதி எண், ஒரே செம்பு நிறம்.
நூற்றைம்பத்தைந்து கிரெயின் என்று மேலே அச்சடித்திருந்தது.
நான் நம்பவில்லை.
மருந்துக்கடையில் பதினொரு வருடம் மாத்திரை எண்ணியவள்
அட்டையில் எழுதியதை நம்பமாட்டாள்.

நாப்ஹில்லில் நவம்பர். நாலரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
வெப்பக்காற்று தராசை அசைக்கும், ஹீட்டரை அணையுங்கள் என்றேன்.
அமலதாஸ் அணைத்தார்,
கம்பளிக் குல்லாயோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.
நடுவில் குழிப்பணியாரச் சட்டி.
ஏழு குழி, ஏழு நீளம்.
ஈயம் பட்ட பாத்திரத்தில் இனிப் பணியாரம் கிடையாது;
அதற்கான துக்கத்தை அவர் காலையிலேயே அனுசரித்து முடித்திருந்தார்.

எடை சீக்கிரம் தீர்ந்தது.
'ஊரில் குண்டுமணி வைத்துத்தானே தங்கம் நிறுத்தார்கள்,
நாம் குண்டையே நிறுக்கிறோம்' என்றார்.
நான் சிரிக்கவில்லை.
சிரித்தால் தராசு ஆடும்.

நீளம்தான் பாடு.
மூக்கு நுனியிலிருந்து அளக்கக்கூடாது,
அது நெளிந்தும் கிழிந்தும் இருக்கும்.
அடியிலிருந்து தோள் வரை:
வளைவு தொடங்குகிற இடம்,
குழலின் வரிப்பள்ளத்தை முதலில் தொடப்போகிற இடம்.
கேலிப்பரின் தாடை மூடும்.
அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதிலும் பாதி.
மயிரிழை என்பது எங்கள் மேசையில் தேர்வடம்.

ஒரே கேலிப்பர்.
நான் அளந்தபோது அவர் பாத்திரம் கழுவினார்,
அவர் அளந்தபோது நான் துணி மடித்தேன்.
மூன்று இரவு.
குழிகள் நிரம்பின. பெருமையாக இருந்தது.

எதற்கோ ஒரு யோசனை வந்து
ஒரு குண்டின் விலாவில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தேன்.
எனக்கு அது ஐந்தாம் குழி.
மற்றவற்றோடு கலந்து அவரிடம் தள்ளினேன்.
மூன்றில் போட்டார்.
மறுபடி கலந்தேன். மூன்று.
மறுபடியும்.

அவர் அழுத்துகிறார். நான் தொடுகிறேன்.
அவ்வளவுதான்.
மூன்று இரவாக நாங்கள் தரம் பிரித்தது
எங்கள் கட்டைவிரல்களை.

அதன்பிறகு எல்லாம் தெரிய ஆரம்பித்தது.
அவர் மூடிய ஊறுகாய்ப் பாட்டிலை நான் திறந்ததே இல்லை.
நான் மூடியது அலமாரி முழுக்க ஒழுகியிருக்கிறது.
அழைப்புமணியை அவர் அழுத்தினால்
பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிடும்.

'அப்போ யாருடைய அளவு சரி?'
பதில் சொல்லாமல் பொட்டுக்குண்டைப் பத்துமுறை அளக்கச் சொன்னேன்.
பத்தும் ஒரே எண்.
நான் பத்துமுறை அளந்தேன்.
நாலு விதமாக வந்தது.

துப்பாக்கி என்னுடையது. உரிமம் என் பெயரில்.
பதக்கம் இரண்டு, அதுவும் என் பெயரில்.
சட்டியைக் கவிழ்த்தேன். ஐந்நூறும் உருண்டு ஒன்றாயின.
'நீங்களே அளங்கள்' என்றேன்.
அவர் குல்லாயைக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்,
அதிகம் சந்தோஷப்படாதவர் மாதிரி.

மே மாதம், பிஸ்லி.
ஈரப்புல்லில் குப்புறப் படுத்திருக்கிறேன்.
ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இலக்கு,
எறும்பு பார்க்கிற தபால்தலை போல.
பக்கத்துப் பாயில் ரோசலிண்ட்
தொலைநோக்கியில் கானலைப் படித்து முணுமுணுக்கிறாள்.
கொடிகள் பாதி எழுந்து, பாதி யோசிக்கின்றன.
விசையில் விரல் வைத்தேன்.
இங்கே மட்டும் அழுத்தக்கூடாது.

ஒன்றரை நொடி.
இலக்கு கீழே இறங்கியது, மெல்ல ஏறியது.
குறிவட்டு கறுப்புக்கு வெளியே, இடப்பக்கம் இரண்டடி.
அரை ஆயிரத்துக்கு மூன்று வாரம் சண்டை;
காற்று இரண்டடியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது.

பின்னால் நாற்காலியில் அமலதாஸ் இருமினார்.
'நீளம் சரியாத்தான் இருந்தது' என்றார்.
ரோசலிண்டுக்குத் தமிழ் தெரியாது, அவளும் சிரித்தாள்.

காற்றுக்கு இரண்டு சொடுக்குத் திருப்பினேன்.
அடுத்த தோட்டாவை எடுத்தால்
பித்தளை விளிம்புக்கு மேலே
ஒரு சிவப்புப் பொட்டு.
இதை ஒதுக்கி வைத்திருந்தேனே.
திரும்பிப் பார்க்கவில்லை.
ஏற்றினேன்.